ரப்பர் பால் ஒட்டிய இஹ்ராம்

ஹஜ்ஜுக்குப் போகிறவர் உடுத்துகிற இஹ்ராம் துணியில் ஊசி முனை பட்டால் ஹஜ்ஜு கெட்டுவிடும் என்று நான் நம்பியிருந்தேன். வேறு யாராவது நம்பியிருந்தால் மன்னிக்கலாம். நான் டைலர். ஹஜ்ஜுப் பயணத்துக்கு எல்லாத் தொழில்காரரும் ஏதோ ஒரு வகையில் உதவுகிறார்கள். கப்பல்காரர் ஏற்றிப் போகிறார், கசாப்புக்காரர் குர்பானி ஆட்டை அறுக்கிறார், நாவிதர் மொட்டை போடுகிறார். என் தொழில் ஒன்றுதான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாத தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "இஹ்ராம்ல நூலே இருக்கக்கூடாது" என்று எவரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். நூலே இல்லாமல் துணியை எதை வைத்து நெய்வார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. துணியில் பிழைக்கிறவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மலாயாவில் பாலிங் பக்கத்தில், சுற்றிலும் ரப்பர் தோட்டமாக இருந்த ஒரு சின்ன டவுனில் கடை. ஒரே தெரு, இரண்டு பக்கமும் பலகைக் கடைகள். என் கடையில் ஒரு கால் மிஷின், ஒரு வெட்டு மேசை, ஒரு தகரப் பெட்டி. பின்கட்டில் என் மனைவி. இந்த நான்கில் எனக்குப் பயப்படாதது மனைவி மட்டும்தான்.

இந்தக் கதையின் இஹ்ராம் துணிக்குச் சொந்தக்காரரைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். தோளில் நீளக் கம்பு, அதன் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் கறிச் சட்டிகள். காலையில் புறப்பட்டால் மூன்று தோட்டம் சுற்றி தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாகச் சோறு விற்றுவிட்டு அஸர் தொழுகை நேரத்துக்குத் திரும்புவார். தோட்டத்துத் தமிழர்கள் அவருக்குச் 'சோத்துக் காவடி பாய்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அதில் கோபம் கிடையாது. "நீங்க வருசத்துக்கு ஒரு நாள் தூக்குறீங்க, நான் தினம் தூக்குறேன். வரம் எனக்குத்தான் மொதல்ல வரும்" என்பார்.

பல வருடம் சேர்த்து, ஜப்பான் சண்டை வருவதற்கு முந்தின மாதம் பினாங்கில் போய் இரண்டு துண்டு வெள்ளைத் துணி வாங்கி வந்தார். இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று. கப்பலுக்குப் பெயரும் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு குண்டு விழுந்தது. கப்பல் போன இடம் தெரியவில்லை. அவர் இருந்தது ஒழுகுகிற அத்தாப்பு ஓலைக் குடிசை. துணியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"தம்பி, ஒம் பெட்டியில இருக்கட்டும். அமானிதம், பத்திரமாப் பாத்துக்க."

"எங்கிட்டயா நானா? தையலே படக்கூடாத துணிய டைலர் கடையிலயா வைக்கிறது?"

"தண்ணிக்குள்ளதானே மீன வைக்கிறோம். துணி துணியோட கெடக்கட்டும்லா."

எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. ஆனாலும் வாங்கி, விரலில் இருந்த ஊசித்தொப்பியைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, பெட்டியின் அடியில் வைத்தேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு ஜப்பான்காரர்கள்தான் காரணம் என்று சொல்லிப் பார்த்தேன். என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

அவர்கள் வந்த புதிதில் ஓர் உத்தரவு வந்தது. எல்லாக் கடை வாசலிலும் வெள்ளையில் சிவப்பு வட்டம் போட்ட கொடி தொங்க வேண்டும். கொள்ளை போனது போக என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சுருள் வெள்ளைத் துணி. அதில் தெருவில் இருந்த அத்தனை கடைக்கும் கொடி தைத்துக் கொடுத்தேன். சீனர் கடை, சாமான் கடை, காப்பிக் கடை, கள்ளுக் கடை, ஒன்று விடவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைவேன், வெட்டுவேன், தைப்பேன். நல்ல வியாபாரம். மறுநாள் காலை என் மனைவி கடைப் பலகையை எடுத்துவிட்டுத் தெருவின் இரு பக்கமும் பார்த்தாள்.

"ஏங்க, எல்லாக் கடையிலயும் தொங்குது. நம்ம கடையில என்ன தொங்குது?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அளவு நாடா தொங்கியது.

லாரி எட்டு மணிக்கு வரும் என்று முந்தின நாளே ஊர்த்தலைவர் பெங்ஹுலுவின் ஆள் சைக்கிளில் வந்து சொல்லியிருந்தான். கொடி இல்லாத கடைக்காரனுக்குத் தலை இருக்காது என்று காப்பிக் கடையில் பேசிக்கொண்டார்கள். காப்பிக் கடையில் பேசுவதில் பாதிதான் உண்மை என்று எனக்குத் தெரியும். எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் கொடி தைத்த டைலர் தன் கடைக்குக் கொடி போடவில்லை என்றால் அது மறதி என்று எவன் நம்புவான்? வேண்டுமென்றே செய்த வீரம் என்றல்லவா நினைப்பான்? செய்யாத வீரத்துக்கு எதற்குச் சாக வேண்டும்?

வெள்ளைத் துண்டு ஒரு சாண்கூட இல்லை. பெட்டியைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன். தூரத்தில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. அது மாட்டு வண்டி என்று பிறகு தெரிந்தது. அதற்குள் நானாவின் மேல் துண்டின் ஓரத்தில் ஒன்றரை முழம், அகலம் முழுக்க, கத்தரிக்கோல் போய் முடிந்துவிட்டது. சிவப்புக்கு என் மனைவியின் உள்பாவாடை.

லாரி வந்தது. நான் வாசலில் நின்று குனிந்தேன். குனிந்த குனிவில் சட்டைப் பையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியும் பொத்தான்களும் தெருவில் கொட்டின. லாரி நிற்கவில்லை. உள்ளே ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான், இன்னொருவன் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். எவனும் என் கொடியைப் பார்க்கவில்லை.

பார்த்தது நானாதான். அன்று அஸருக்குத் திரும்பியவர் கம்பை இறக்கி வைத்துவிட்டுக் கொடியை அண்ணாந்து பார்த்தார். ஓரத்தை விரலால் தேய்த்தும் பார்த்தார்.

"நல்ல துணிடா தம்பி. இந்தக் காலத்துல இப்படித் துணி எங்க கெடைக்குது?"

"இருந்தது நானா" என்றேன். பொய்யில்லை.

உள்ளே என் மனைவி இருமினாள். எனக்கு என்று வைத்திருக்கிற இருமல் அது.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. காரணம், நானா தினமும் வருவார். அரிசி கிடைக்காமல் போய், பானையில் சோறு இருந்த இடத்தில் அவித்த மரவள்ளிக் கிழங்கு வந்தது. அப்போதும் கம்பைத் தூக்கிக்கொண்டு போனார், திரும்பி வந்து என் கடைப் பலகையில் உட்கார்ந்தார், ஹஜ்ஜைப் பற்றிப் பேசினார். எழுத்து தெரியாதவர். போய் வந்த ஒரு ஹாஜியாருக்கு மூன்று மாதம் இலவசமாகச் சோறு போட்டு, வாய்ப்பாடமாக வாங்கியது எல்லாம். ஆனால் அவர் சொல்லும்போது பக்கத்துத் தோட்டத்துக்கு வழி சொல்வதுபோல இருக்கும்.

"கப்பல் இஹ்ராம் கட்டுற எல்லை யலம்லம் கிட்ட வரும்போது ஊதுவான். குளிச்சுட்டு இதக் கட்டு, ஹஜ்ஜுக்குன்னு மனசுல நிய்யத் வை, 'வந்துட்டேன் அல்லா'ன்னு லப்பைக் சொல்லு. அதுக்கப்புறம் தலைய மூடாத, நகம் முடி வெட்டாத, வாசனை போடாத, எவங்கிட்டயும் வாய்ச்சண்டை போடாத. நகம் முடி எல்லாம் சுலுவு தம்பி. வாய்தான் கஷ்டம். கப்பல்ல ஆயிரம் பேரு, ஒரே அடுப்பு."

கஃபாவைச் சுற்றுகிற தவாபை, பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த கிணற்றைச் சுற்றிப் பழகினார். இடது தோள் கிணற்றுப் பக்கம் இருக்க ஏழு சுற்று, முதல் மூன்றும் கொஞ்சம் வேகமாக, மீதி நான்கும் சாதாரண நடை. ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு நடுவே நடக்கிற தொங்கோட்டத்தைத் தோட்டத்தில் பழகினார். ரப்பர் பால் சேர்க்கிற ஸ்டோரிலிருந்து கோயில் மேடு வரை, தோளில் கம்போடு.

"போனா ஒண்ணு, வந்தா ரெண்டு. ஸஃபாவுல தொடங்கினா ஏழாவது மர்வாவுல முடியும். போய் வந்தாத்தான் ஒண்ணுன்னு எண்ணுறவனுக்குப் பதினாலு ஆயிடும். அங்கேயே விழுந்துடுவான்."

தோட்டத்து ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். "பாய், சோறு எதுக்கு ஏழு வாட்டி நடக்குது?" என்று கேட்டால், "ஆறட்டும்னு" என்பார். அவர் எண்ணிக்கையைத் தவறவிட்டால், பால் இறங்க மரப்பட்டையை வெட்டிக்கொண்டிருக்கிற ஒருத்தி, "அஞ்சு முடிஞ்சிருச்சு பாய், ஆறாவது" என்று ரப்பர் காட்டுக்குள்ளிருந்து குரல் கொடுப்பாள்.

ஹஜ்ஜு மாதம் ஒன்பதாம் நாள் அரஃபா வெளியில் நிற்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடும். "அங்க ஒரு வேலையும் கிடையாது தம்பி. நிக்கணும், கேக்கணும். சூரியன் அடையிற வரைக்கும் எடத்த விட்டு நகரக்கூடாது. அதுதான் ஹஜ்ஜே. அத விட்டா வருசம் போச்சு." அப்புறம் முஸ்தலிஃபா, வெட்டவெளியில் படுக்கை, கொண்டைக்கடலை அளவில் கல் பொறுக்குவது. மறுநாள் மினாவில் சைத்தானுக்கு எறிகிற ஏழு கல். "கோவத்துல செருப்பக் கழட்டி எறியிறவனும் இருக்கானாம். சைத்தானுக்கு எதுக்குச் செருப்பு?" பிறகு குர்பானி, மொட்டை, மறுபடியும் கஃபாவைச் சுற்றுவது, மினாவுக்குத் திரும்பிப்போய் மிச்சக் கல்லை எறிவது.

ஒரு நாள் சட்டையைக் கழற்றி வலது தோளைக் காட்டினார். கம்பு அழுத்தி அழுத்தி அந்த இடம் காய்த்து, கட்டையாகக் கறுத்துப் போயிருந்தது.

"தவாபு சுத்தும்போது மேல் துண்ட வலது கக்கத்துக்குக் கீழ விட்டு இடது தோள்ல போடணும். வலது தோள் வெளியில தெரியணும். அதுதான் சட்டம். இத்தன வருசமா நான் எந்தத் தோள்ல தூக்கினேன்? வலதுலதானே? அல்லாவுக்குக் காட்ட எங்கிட்ட வேற என்னா இருக்கு தம்பி?"

நான் கொடியைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எவ்வளவு பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஒன்றரை முழம் குறைந்த துண்டு எந்தக் கக்கத்துக்குக் கீழே போய் எந்தத் தோளை எட்டும்? எழுந்து போகும்போது அவர் தகரப் பெட்டியை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். நல்ல காளையின் முதுகைத் தட்டுவதுபோல.

நடுவில் ஒரு நாள், எங்கள் கெடா மாநிலத்தைச் சயாமுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். இனி எந்தக் கொடி என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. ஆளுக்கு ஆள் சத்தமில்லாமல் கழற்றினார்கள். நான்தான் முதலில் கழற்றினேன். வட்டத்தைப் பிரித்து எடுத்தேன். பாவாடைச் சாயம் மழையில் ஊறி வெள்ளையில் இறங்கியிருந்தது. சாம்பல் போட்டு வேகவைத்தேன், வெயிலில் போட்டேன், மறுபடி வேகவைத்தேன். சிவப்பு போயிற்று. ரோஸ் நிறத்தில் ஒரு வளையம் போகமாட்டேன் என்றது.

அடுத்து, ஒட்ட வேண்டும். ஊசி கூடாது. எனக்கு அந்தச் சந்தேகமே கிடையாது அல்லவா? ஊசியில்லாமல் எப்படி என்று ஒரு வாரம் யோசித்தேன். மரவள்ளி மாவுப் பசையில் ஒட்டினேன். கரப்பான் வந்து தின்றது. அப்புறம்தான் நான் ரப்பர் காட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. பால்மரம் வெட்டுகிற ஒருவனிடம், அவர்கள் பால் பிடிக்கிற மங்கில் ஒரு மங்கு பால் கேட்டேன்.

"எதுக்கு பாய் பாலு?"

"ஒரு ஓட்டைய அடைக்கணும்."

"பானையிலயா, கூரையிலயா?"

"மானத்துல."

"அப்ப ஒரு மங்கு பத்தாது பாய்" என்றான்.

பாலைத் தடவி இரண்டு துண்டையும் சேர்த்து, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. தையலே இல்லாமல் இஹ்ராமை ஒட்டவைத்த முதல் டைலர் நான்தான் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது. மடித்துப் பெட்டியில் வைத்தேன். நான்கு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்த என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"உள்ள எலி செத்துக் கெடக்கு."

எலி இல்லை.

ஒரு நாள் காலை, கிழங்கு விற்கப் போகிற நேரத்தில் நானா கம்பில்லாமல் வந்தார். அவரைக் கம்பில்லாமல் பகலில் நான் பார்த்ததே கிடையாது. ஒரு பக்கம் சாய்ந்தமாதிரி இருந்தது.

"பாசார்ல பேசிக்கிறாங்க தம்பி. பினாங்குலேருந்து ஹஜ்ஜுக் கப்பல் விடப் போறானாம். நாளைக்கே போய்ப் பேரு கொடுக்கணும். துணிய எடு."

"சாவி காணோம் நானா."

"ஒங்க இடுப்புலதானே தொங்குது" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

பெட்டியைத் திறந்தேன். நாற்றம் முதலில் வெளியே வந்தது, துணி பிறகு வந்தது. நானா அதை வெட்டு மேசையில் விரித்தார். ஒட்டிய இடம் பாம்புச் சட்டைபோலப் பழுப்பாக, காய்ந்து சுருங்கிக் கிடந்தது. அவர் மெதுவாக இழுத்ததும் பிரிந்து வந்துவிட்டது. ஒன்றரை முழத் துண்டை மட்டும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ரோஸ் வளையம் நன்றாகத் தெரிந்தது.

பிறகு நான் பேசியது எதுவும் ஒழுங்கான பேச்சில்லை. லாரி, கொடி, மாட்டு வண்டி, பாவாடை, கரப்பான் எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தன. அழுதேன் என்பதை மறைக்கப் போவதில்லை. "ஒங்க ஹஜ்ஜு போச்சு நானா, நான்தான் கெடுத்தேன், என்னை என்ன வேணா செய்ங்க" என்று முடித்தேன்.

அவர் அந்த வளையத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"லாரிக்காரன் பாத்தானா?"

"இல்ல நானா. வாழப்பழம் தின்னுக்கிட்டுப் போனான்."

"அதப் பாக்கக்கூட இல்லையா" என்றவர், "சரி, ஒட்டுப் போட்டுத் தைக்க வேண்டியதுதானே? இதுக்கு எதுக்குப் பாலு?" என்றார்.

"ஊசி படக்கூடாதே நானா!"

"யாரு சொன்னா?"

"தையல் இல்லாத துணின்னு எல்லாரும்தானே சொல்றாங்க..."

அவர் என் கடையில் தொங்கிய சட்டைகளைக் கையால் காட்டினார். "அந்தா, அது கூடாது. கால்சட்டை கூடாது. பனியன் கூடாது. ஒடம்பளவு எடுத்து, கைக்கு ஒரு கை, காலுக்கு ஒரு கால்னு தச்ச உடுப்பு கூடாது. ரெண்டு துண்ட ஒட்டுப் போட்டுத் தச்சா அதுவும் துண்டுதான், சுத்திக்கிறதுதான். எனக்குப் பாடம் சொன்ன ஹாஜியாரு கட்டிப் போனதே கிழிஞ்சு ஒட்டுப் போட்டது. ஒரு தடவ எங்கிட்டக் கேட்டா என்னா? தினம் பக்கத்துலதானே ஒக்காந்திருந்தேன்?"

வாசனை போடக்கூடாது என்பார்களே, இந்த நாற்றம் எப்படி என்று கேட்டேன். எனக்கு அந்த நேரத்திலும் வாய் நிற்காது.

"நல்ல வாசனைதான் கூடாது. இதப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்று சிரித்தார். உள்ளே என் மனைவியும் சிரித்தாள். "என் பாவாடைக்கு என்னா சட்டம்னு கேளுங்க நானா" என்றாள்.

சிரித்து முடித்த பிறகுதான் அதைச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. துணியை மடித்துக்கொண்டே சொன்னார்.

"தையல்ல தப்பில்ல தம்பி. கேக்காம எடுத்ததுதான் தப்பு. ஜப்பான்காரன் தலைய எடுப்பான்னு வந்து சொல்லியிருந்தா நானே வெட்டிக் கொடுத்திருப்பேன். முழுசாவே கொடுத்திருப்பேன். தலையவிடத் துணி பெருசா?"

ஜப்பான்காரன் எடுக்காத என் தலையைக் கத்தியே இல்லாமல் அவர் எடுத்துவிட்டார். இரண்டு வருடமாக நான் ஊசிக்குப் பயந்தேன், லாரிக்குப் பயந்தேன், மறுமைக்குப் பயந்தேன். பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

தன் எதிரிலேயே தைக்கச் சொன்னார். நூல் தட்டுப்பாடு; பழைய மாவுச் சாக்கிலிருந்து உருவி வைத்திருந்த நூல்தான். ஊசிக் காதில் நான்கு தடவை கோக்க முடியவில்லை. என் மனைவி வந்து பிடுங்கிக் கோத்துக் கொடுத்தாள். பால் பட்டுக் கெட்ட ஓரத்தை இரண்டு பக்கமும் இரண்டு விரல்கடை வெட்டி எறிய வேண்டியிருந்தது. ஏற்கெனவே அளவாக வாங்கிய துணி. மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தபோது எட்டுமா எட்டாதா என்று எனக்கே தெரியவில்லை.

நானா சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். ஒரு முனையை அவருடைய இடது தோளில் போட்டு, முதுகைச் சுற்றி, வலது கக்கத்துக்குக் கீழே கொண்டுவந்தேன். நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்தேன். தையல் சரியாக விலா எலும்புமேல் உட்கார்ந்தது. மறு முனை மறுபடியும் இடது தோளுக்குப் போக வேண்டும். போயிற்று. தோளைத் தாண்டி ஒரு சாண் தொங்கியது. காய்த்துப்போன வலது தோள் முழுதாக வெளியில் தெரிந்தது.

"போதும்" என்றார்.

கழற்றாமல், என் வெட்டு மேசையை இடப்பக்கம் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இரண்டாவது சுற்றுக்கு என் மனைவி முக்காலியை நகர்த்தி வழி விட்டாள். ஏழு சுற்றும் சுற்றினார். நான் எண்ணினேன். வாசலில் காஜா பொத்தான் வைக்க வந்த தோட்டத்துக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

கப்பல் பேச்சு பொய். நானா மறுநாள் பினாங்குக்குப் புறப்பட்டு, கிடைத்த வண்டியில் ஏறி, கிடைக்காத தூரத்தை நடந்து போய்க் கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் திரும்பி வந்து துணியை என்னிடமே கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியின் சாவி என் மனைவியிடம் இருந்தது.

சண்டை முடிந்து ஹஜ்ஜுக் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும் நானா பினாங்கில் ஏறினார். அந்த இரண்டு துண்டைத்தான் உடுத்திக்கொண்டு ஹஜ்ஜு செய்தார். நான்கு மாதம் கழித்து மொட்டைத் தலையில் முடி முளைத்துத் திரும்பி வந்தார். மறு வாரம் கம்பைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குச் சோறு விற்கப் போனார்.